வீட்டுத் தோட்டத்தில் களா: நம் மண்ணின் செர்ரிச் செடியை வளர்க்கும் முறை

செர்ரி வளர்க்க வேண்டும் என்ற ஆசையோடு நாற்றுப்பண்ணைக்குப் போகிறவர்கள் சமவெளியில் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளையும் உண்மையான செர்ரிக்குக் குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் தேவைப்படுகிறது. அந்தக் குளிர் கிடைக்காத திருச்சியிலோ மதுரையிலோ அது இலை விட்டாலும் பூக்காது. ஆனால் பேக்கரிகளில் பன்னின் மேலும் கேக்கின் மேலும் பதித்து விற்கப்படுகிற, 'செர்ரி' என்று சிறுவயதில் நாம் தனியாக எடுத்துவைத்துத் தின்ற அந்தச் சிவப்புப் பழம் பெரும்பாலும் செர்ரியே அன்று. அது விதை நீக்கி, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். நம் புதர்க்காடுகளிலும் கரட்டு நிலங்களிலும் வேலியோரங்களிலும் தொன்றுதொட்டு நிற்கும் செடி அது. யாழின் கரிய தண்டுக்கு உவமை தேடிய சங்கப் புலவர் 'களங்கனி' என்று இந்தப் பழத்தைத்தான் சொன்னார்.

ஆகவே நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பிறந்த செர்ரிச் செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் களாவைச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புரைக்கல் நிலத்தில், கடப்பாரை இறங்க மறுக்கும் இடத்தில், பத்தாண்டுகளுக்கு மேலாக இதை வளர்த்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டவற்றை, முதன்முதலாகச் செடி வைக்கிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன்.

செடியை அடையாளம் காணுதல்

களா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இதன் பெயர் காரிசா கரண்டாஸ். தமிழில் களா, கிளா, பெருங்களா என்றும், காயைக் களாக்காய், கிளாக்காய் என்றும் இடத்துக்கு இடம் வழங்குகிறார்கள். தெலுங்கில் வாக்காய, இந்தியில் கரோந்தா, மராத்தியில் கர்வந்த். வெட்டாமல் விட்டால் 2 முதல் 4 மீட்டர் வரை உயரும் அடர்ந்த புதர் இது. இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்து, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். கணுக்களில் இணையிணையாக முட்கள் நிற்கும். சில முட்கள் நுனியில் இரண்டாகக் கவைத்திருக்கும். பூக்கள் வெண்மையானவை, ஐந்து இதழ் கொண்டவை, மல்லிகையை நினைவூட்டும் மணமுடையவை. கிள்ளினால் எந்தப் பகுதியிலிருந்தும் வெண்பால் வடியும்.

அந்த வெண்பாலைக் குறித்து ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அரளியும் தங்க அரளியும் கடும் நச்சுச் செடிகள்; தங்க அரளியின் கொட்டை உயிரையே பறிக்கும். எனவே பால் வடிகிறது, பழம் இருக்கிறது என்ற அளவில் எந்தப் புதரின் பழத்தையும் பறித்துத் தின்னக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே களாவைக் காட்டுங்கள். இணை முள், எதிரிலை, கொத்தான காய் ஆகிய மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் செடியை அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிய பிறகே வாயில் வையுங்கள்.

களாவில் பெருங்களா, சிறுகளா என்று இரண்டு உண்டு. காட்டில் மிகுதியாகக் காணப்படுவது சிறுகளா. அதன் பழம் சுண்டைக்காய் அளவே இருக்கும், ஆனால் நன்கு பழுத்தால் இனிப்பானது. வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது பெருங்களா. இதன் காய் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை வளரும். ஊறுகாய்க்கும் பாகுக்கும் பயன்படுவதும் இதுதான். நாற்றுப்பண்ணைகளில் அழகுச் செடியாக விற்கப்படும் தென்னாப்பிரிக்கக் களா வேறொரு இனம். அதன் பூவும் பெரிது, சிவந்த பழமும் பெரிது. அதுவும் உண்ணத் தக்கதே, ஆனால் நம் நாட்டுச் செடி அன்று. 'செர்ரி' என்று மட்டும் கேட்டால் தேன்பழ மரத்தையோ மேற்கிந்தியச் செர்ரியையோ எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். இரண்டும் நல்ல பழங்கள்தாம், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஆகவே கடையில் 'களாக்காய்ச் செடி' என்றே கேளுங்கள்.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரிதும் அலட்சியப்படுத்தும் படி இதுவே என்பது என் கணிப்பு. களா பெரும்பாலும் விதையிலிருந்தே பெருக்கப்படுகிறது; விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரே செடியின் விதைகளை நட்டும், ஒன்றில் பெருங்காயும் மற்றொன்றில் தோல் தடித்த புளிப்புக் காயும் எனக்குக் கிடைத்திருக்கின்றன. மூன்றாண்டு காத்திருந்த பின், வந்த காய் நாம் விரும்பியது போல இல்லை என்று தெரிவது வருத்தம் தரும். அதனால் இயன்றால் காய்ப்பைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்து எடுத்த பதியன் கன்றையே, அதாவது கிளையிலேயே வேர்விடச் செய்து வெட்டியெடுத்த கன்றையே, வாங்குங்கள். விதைக்கன்றுதான் கிடைக்கும் என்றால் ஒன்றை மட்டும் வைக்காமல், வெவ்வேறு தாய்ச் செடிகளிலிருந்து இரண்டு மூன்று வாங்கி வையுங்கள்.

பெயர் பெற்ற ரகங்களும் உள்ளன. உத்தராகண்டில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகிய மூன்றும் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டவை. முதல் இரண்டின் காய்கள் வெண்மையில் இளஞ்சிவப்புப் படர்ந்து மிக அழகாக இருக்கும். சுவர்ணாவின் காய் பச்சையில் பழுப்புப் படர்ந்தது. மகாராட்டிரத்துத் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் போல்ட் பெரிய காய்க்குப் பேர்பெற்றது. கொத்திலேயே அழகாக நிற்பதாலும் பாகுக்கு ஏற்றதாக இருப்பதாலும் வெண்சிவப்புக் காய் வகையையும், பழமாகவே தின்ன வேண்டுமென்றால் பச்சையிலிருந்து கருநீலமாகப் பழுக்கும் வகையையும் தேடலாம்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்க வேண்டாம். முழங்கால் உயரம் போதும். பையின் அடியில் வேர் வெளியேறிச் சுருண்டிருக்கிறதா, தண்டின் அடிப்பகுதியில் கறுத்த புண் உள்ளதா, இலைக்கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். அதோடு ஆழ வேர்விட்ட காட்டுக் களாவைப் பிடுங்கி நட்டால் அது அநேகமாகப் பிழைப்பதுமில்லை.

விதையிலிருந்து வளர்த்தல்

களா விதை காத்திராது. உலர்த்தி டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்று எண்ணினால் ஒன்றும் முளைக்காது. கறுத்து மென்மையாகப் பழுத்த பழங்களைப் பிசைந்து, உள்ளே இருக்கும் சிறிய தட்டை விதைகளை எடுத்து, பிசுபிசுப்புப் போகும்வரை நீரில் அலசி, நிழலில் ஓரிரு நாள் மட்டும் ஆறவிட்டு, அந்த வாரத்திலேயே விதைத்துவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்த பைகளில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், பைக்கு இரண்டு விதையாக ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்து, பாதி நிழலில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை தெரியும். பிறகு பைக்கு ஒரு நாற்றை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். முதல் ஆண்டில் நாற்று மிக மெதுவாக வளரும். வேகப்படுத்த வேண்டி உரம் கொட்டாதீர்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஓரடி உயரம் வந்த பின் நிலத்துக்கு மாற்றுவதே நல்லது.

தண்டுக் குச்சியை ஒடித்து ஊன்றினால் வருமா என்று பலர் கேட்கிறார்கள். வேர்விடும் ஊக்கி தடவினாலும் பத்தில் மிகச் சிலவே பிழைக்கும்; வீட்டுத் தோட்டக்காரருக்கு அதில் பொழுது வீண். விண்பதியனே நம்பத் தக்க வழி. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் தடிமனுள்ள ஓராண்டுக் கிளையில் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். பால் வடியும், அதை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, வடிதல் நிற்கும்வரை காத்திருங்கள். பின்னர் பிழிந்த தென்னை நார்க்கழிவை உருண்டையாக வைத்து மூடி, பாலித்தீன் தாளால் இரு முனையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மாத அளவில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். அவை பழுப்பாகத் தொடங்கியதும் கட்டுக்குக் கீழே வெட்டி, பையில் நட்டு, ஒரு மாதம் நிழலில் வைத்துத் தேற்றுங்கள். பதியனில் வேர் மேலோட்டமாகவே இருக்கும் என்பதால், விதைக்கன்றை விட முதல் கோடையில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். மர நிழலில் களா உயிரோடிருக்கும், ஆனால் காய்க்காது. மண்ணைப் பொறுத்தவரை இதைப் போலத் தாராளமான பழச்செடி குறைவு. சரளை நிலம், செம்புரை, மணற்பாங்கு, ஓரளவு உவர் நிலம் எதுவானாலும் பொறுத்துக்கொள்ளும். நீர் தேங்கும் இடம் ஒன்றைத்தான் பொறுக்காது. தொடக்கத்தில் நான் சமையலறைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி மூன்று கன்றுகளை வைத்தேன், நீர் ஊற்றும் வேலை மிச்சம் என்ற எண்ணத்தில். இரண்டு கன்றுகள் இலை மஞ்சளாகி, நுனியிலிருந்து காய்ந்து, ஓராண்டுக்குள் போய்விட்டன. தோண்டிப் பார்த்தபோது வேர் அழுகியிருந்தது. அதே நாளில் பாறையோரம் வைத்த கன்று இன்றும் காய்க்கிறது. உங்கள் நிலம் களிமண்ணாக இருந்தால், அரை மீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

முள்ளையும் மறக்கக் கூடாது. நடைபாதை, துணி காயவைக்கும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். அந்த முள்ளே உங்களுக்கு வேலியாகவும் உதவும். ஆடு மாடு நுழையாத உயிர்வேலிக்குக் களாவை விட ஏற்ற செடியை நான் அறியேன். ஆனால் வேலி வேண்டுமா, பழம் வேண்டுமா என்பதை நடும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வெட்டி ஒழுங்குபடுத்தும் வேலியில் காய்ப்பு குறைவாகவே இருக்கும், ஏனெனில் பூங்கொத்துகள் கிளை நுனிகளில் வருகின்றன.

நடவு

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன், புரட்டாசியில் நடுவது மிகவும் ஏற்றது. தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்கு மாவட்டங்களில் ஆனி, ஆடியிலேயே நடலாம். நடவுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவியுங்கள். பிறகு மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, ஒரு மழையோ இரண்டு நீரோ விட்டு மண்ணை அமரச் செய்யுங்கள். அமர்ந்த பிறகு நட்டால்தான் செடி பின்னால் பள்ளத்தில் இறங்காது.

தனிச் செடியாகக் காய்ப்புக்கு வைப்பதானால் செடிக்குச் செடி 2 முதல் 3 மீட்டர் இடைவெளி கொடுங்கள். வேலிக்கானால் ஓரடி ஆழத்தில் நீளக் கால்வாய் எடுத்து, இரண்டரை அடிக்கு ஒன்றாக நடலாம்; இரட்டை வரிசையாக, ஒன்றின் இடைவெளிக்கு எதிரே மற்றொன்று வருமாறு வைத்தால் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, பையில் மண் இருந்த அளவுக்கே குழியிலும் மண் வருமாறு நடுங்கள். தண்டின் அடி மண்ணுக்குள் புதையக் கூடாது. சுற்றிலும் மண்ணைக் காலால் மெல்ல அழுத்தி, உடனே ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். காற்று மிகுந்த இடமாயின் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை என எது கிடைத்தாலும் நாலு விரற்கடைக் கனத்துக்கு மூடாக்கு இடுங்கள். ஆனால் அது தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். தண்டைத் தொட்ட மூடாக்கில் கறையான் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நிலம் இல்லாதவர்கள் மாடியிலும் வளர்க்கலாம். பதினெட்டு அங்குல அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு தொழுவுரம் கலந்து, அடியில் வடிகால் துளைகளின் மேல் ஓட்டுச் சில்லுகளை வையுங்கள். தொட்டிச் செடி மார்பளவில் நின்றுவிடும். காய் குறைவாக வந்தாலும் நன்றாகவே வரும்.

முதல் இரண்டு ஆண்டுகள்

களா வறட்சியைத் தாங்கும் செடி என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் வேர் ஆழமாக இறங்கிய செடிக்கே அந்தத் தாங்குதிறன் உண்டு. நட்ட ஆண்டின் கோடையில் நீரின்றி விட்டால் வேறெந்தக் கன்றையும் போல இதுவும் கருகும். முதல் மாதத்தில் மழையில்லாத நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும், கோடையில் வாரம் இருமுறையும் நீர் கொடுங்கள். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதை விட, வாரம் ஒருமுறை இரண்டு குடம் ஊற்றி ஆழம் வரை நனைப்பது மேல். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து, பின்னர் வறட்சியில் தவிக்கும். ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து, காய் பிடித்திருக்கும் மாதங்கள் தவிர, பெரும்பாலான இடங்களில் மழையே போதுமானது.

வடிவம் கொடுக்கும் வேலையும் இந்தக் காலத்தில்தான். விதைக்கன்று ஓரடி தாண்டியதும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைக்கும் தளிர்களில் வெவ்வேறு திசை நோக்கிய நான்கைந்தை வைத்துக்கொண்டு, தரையோடு படர்பவற்றையும் உட்புறமாகப் பின்னிக்கொள்பவற்றையும் நீக்குங்கள். உள்ளே வெளிச்சமும் காற்றும் போனால்தான் பின்னாளில் முள் கிழிக்காமல் கையை விட்டுக் காய் பறிக்க முடியும். இந்த வேலையைச் செய்யத் தவறிய ஒரு செடி என் தோட்டத்தில் இருக்கிறது. அதன் நடுவில் பழுக்கும் பழங்களை ஒவ்வோர் ஆண்டும் குருவிகளுக்கே விட்டுவிடுகிறேன்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன், முதல் ஆண்டு 5 கிலோவில் தொடங்கி, வளர்ந்த செடிக்கு 15 கிலோ வரை மக்கிய தொழுவுரம் இட்டுக் கொத்திவிட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளி இட்டால் இலையும் முள்ளும் பெருகும், பூ குறையும்.

பூக்கும் பருவத்தை அமைத்துக்கொள்ளுதல்

விதைக்கன்று மூன்றாம் ஆண்டிலும், பதியன் பெரும்பாலும் அதற்கு ஓராண்டு முன்பும் பூக்கத் தொடங்கும். முக்கியப் பூப்பு மாசி, பங்குனியில் வரும். இடத்தையும் மழையையும் பொறுத்து முன்பின் ஆகலாம். நன்றாகப் பூக்க வேண்டுமானால் அதற்கு முன் செடி சில வாரங்கள் நீரின்றிக் காய வேண்டும். மழை ஓய்ந்த பின், மார்கழி இறுதியிலிருந்து தை முழுவதும் வளர்ந்த செடிகளுக்கு நீர் விடாதீர்கள். இலைகள் சற்றே வாடியது போலத் தோன்றினாலும் பொறுத்திருங்கள். தோட்டம் வைக்கிறவருக்கு இது கடினமான மாதம். கை தானாகவே குடத்தைத் தேடும். நீர் விட்டுக்கொண்டே இருந்தால் செடி தளிர்த்துக்கொண்டே இருக்கும், பூவுக்குத் திரும்பாது. பூ உதிர்ந்து பிஞ்சு மிளகளவு ஆன பிறகு, பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் கொடுங்கள். காய் பெருக்கும் கோடையில் இந்த நீர் கிடைக்காவிட்டால் பிஞ்சு உதிரும்.

பூக்காலத்தில் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது. தேனீக்கள் பகலிலும் விட்டில்கள் அந்திக்குப் பின்னும் வந்துபோவதைப் பார்ப்பீர்கள்.

கவாத்தை அறுவடை முடிந்தவுடன், ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ செய்துவிட வேண்டும். காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, அடியிலிருந்து எழும் வேண்டாத போத்து ஆகியவற்றை மட்டும் நீக்கினால் போதும். தை மாதத்தில் வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். தடித்த தோல் கையுறையும் முழுக்கை உடையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவுங்கள்.

பூச்சியும் நோயும்

வலுவான செடி இது. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இளந்தளிர்களில் வரலாம். எறும்புச் சாரி தண்டில் ஏறுகிறதென்றால் மேலே அவை இருக்கின்றன என்று பொருள். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை போதும். இலை தின்னும் புழுக்களைக் கையால் பொறுக்கலாம். மழைக்காலத்தில் இலையிலும் காயிலும் கரும்புள்ளி விழுந்து அழுகினால், அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தி, உட்கிளைகளைக் களைந்து காற்றோட்டம் கொடுங்கள். கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தால், காய்ந்த பகுதிக்கு நான்கு விரற்கடை கீழே, பச்சைத் தண்டில் வெட்டி எறியுங்கள். அதோடு வேரடியில் நீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.

அறுவடை

காய் பிடித்து 100 முதல் 110 நாட்களில் முற்றும். அதன் பின் ஓரிரு வாரங்களில் முழுதாகப் பழுக்கும். நம் பக்கம் வைகாசியில் தொடங்கி ஆவணி வரை பறிக்கலாம். ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்தே இருக்கும் என்பதால் வாரம் இருமுறை தேர்ந்து பறிக்க வேண்டியிருக்கும். வளர்ந்த செடி ஒன்று ஆண்டுக்கு 4, 5 கிலோ கொடுப்பது இயல்பு.

எதற்காகப் பறிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிலை மாறும். ஊறுகாய்க்குப் பச்சையாக முற்றிய காய். பாகுக்கும் ஜெல்லிக்கும் நிறம் ஏறத் தொடங்கிய, அழுத்தினால் கல்லாக இருக்கும் காய். தின்பதற்குக் கறுத்து மென்மையான பழம். முற்றிய காய் ஒரு வாரம் தாங்கும். கனிந்தது இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். காலை வெயில் ஏறிய பின், பனி காய்ந்ததும் பறியுங்கள். காம்பைக் கிள்ளும்போது பால் சொட்டி விரலில் கோந்தாக ஒட்டும். பறிக்கும் முன் கையில் இரண்டு துளி நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

சமையலறையில்

காயை எதற்குப் பயன்படுத்துவதானாலும் முதல் படி பாலைப் போக்குவது. உப்பு நீரில் இரண்டு மணி நேரம் போட்டு, அலசி, எண்ணெய் தடவிய கத்தியால் இரண்டாகப் பிளந்து விதையை நீக்குங்கள். கடும் புளிப்புள்ள காய் என்பதால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து, எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ செய்யுங்கள். ஆந்திரத்தில் புளிக்குப் பதிலாக இதைத் துவரம்பருப்போடு வேகவைத்துத் தாளிக்கிறார்கள். வாக்காயப் பப்பு என்று பெயர். ஒருமுறை செய்துபார்த்தவர்கள் காய் கிடைக்கும் காலத்தில் புளியைத் தொட மாட்டார்கள்.

ஜெல்லி வைக்கக் களாவைப் போல எளிதான பழம் இல்லை. உறையவைக்கும் பெக்டின் இதில் இயல்பாகவே நிறைய உண்டு. நிறம் ஏறிய காய் முக்கால் பங்கும் பழம் கால் பங்குமாக எடுத்து, மூழ்கும் அளவு நீரில் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் பிழியாமல் வடியவிடுங்கள். வடிந்த சாற்றுக்குச் சம அளவு சர்க்கரை சேர்த்து, 105 டிகிரி செல்சியஸ் வரும்வரை, அல்லது கரண்டியைச் சரித்தால் துளிகள் ஒன்றாகச் சேர்ந்து தகடாக விழும்வரை காய்ச்சினால், மாதுளை நிற ஜெல்லி கிடைக்கும்.

பேக்கரிச் செர்ரியைச் சாயம் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம். வெண்சிவப்புக் காய் ஒரு கிலோவைப் பக்கவாட்டில் கீறி, முழு உருவம் கெடாமல் விதையை நெம்பி எடுத்து, உப்பு நீரில் இரண்டு நாள் வையுங்கள். இடையில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். உப்புச் சுவை போகும்வரை அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுங்கள். 600 மில்லி நீரில் 400 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சிய பாகில் காயைப் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் காயை மட்டும் வடித்தெடுத்து, பாகில் 150 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் மீண்டும் காயைச் சேருங்கள். இப்படி ஆறு நாள் செய்தால் பாகு தேன் பதத்துக்கு வந்துவிடும். ஒரே நாளில் முழுச் சர்க்கரையையும் போட்டால் காய் சுருங்கித் தோலாகிவிடும்; பாகு உள்ளே மெல்ல மெல்லப் புகுவதற்காகவே இந்த ஆறு நாள். பிறகு ஒரு வாரம் பாகிலேயே ஊறவிட்டு, வடித்து, நிழலில் தட்டில் பரப்பி, விரலில் ஒட்டாத அளவு உலர்ந்ததும் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த காய்ப்பு வரும்வரை கெடாமல் இருக்கும். கடைச் செர்ரியின் சிவப்பு இதில் வராது. மங்கிய ரோஜா நிறத்தில், களாவின் புளிப்பு இனிப்புக்குள் இன்னும் மிஞ்சியிருக்கும்.